ஜாவா மொழியில் 'எப்படி?' என்று சொல்வது: புழக்கத்தில் எதிர்ப்பட்டவை

பதிவு 1
நம் 'ஆக', 'ஆய்' போல வினையடைக்கென்று (செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல்லுக்கென்று) தனி விகுதி இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பேசும் ஜாவா மொழியில் இல்லை. 'அலோன்' என்றால் மெதுவான. அதுவே மெதுவாக என்றும் ஆகும். இடம்தான் மாறும். வினை முதலில் வரும், விதம் பின்னால் வரும்: 'ம்லாகு அலோன்-அலோன்', மெதுவாக நடப்பது. தமிழ்ப் பழக்கத்தில் புதியவர்கள் 'அலோன்-அலோன்' என்பதை முன்னால் வைத்துவிடுகிறார்கள். அது பிழையில்லை, ஆனால் அழுத்தம் மெதுவின் மேல் விழுந்து கதை சொல்லும் தொனி வந்துவிடும்.

பதிவு 2
மேலே உள்ளது சரி. ஆனால் ஒருவர் ஒரு வேலையை எப்படிச் செய்கிறார் என்று சொல்லும்போது யோக்யகர்த்தா, சோலோ பக்கம் அதிகம் காதில் விழுவது வேறு அமைப்பு: 'அங்கோனே ம்லாகு அலோன் பங்ஙெத்'. அவன் நடப்பது ரொம்ப மெது, என்பது போல. 'அங்கோனே' வினையைப் பெயராக்கிவிடுகிறது. விதம் பயனிலையாக உட்கார்ந்துகொள்கிறது. பேச்சில் இது 'லே' என்று சுருங்கிவிடும்: 'லே ம்லாகு அலோன்'. பாடப்புத்தகத்தோடு நின்றவர்களுக்கு இந்த 'லே' பிடிபடாது.

இதே வாக்கியத்தை மரியாதைப் படிகளில் ஏற்றிப் பாருங்கள். நண்பனைப் பற்றி நண்பனிடம், ங்கோகோ என்ற சாதாரணப் படியில்: அங்கோனே ம்லாகு அலோன் பங்ஙெத். பழகாதவரிடம், க்ராமா என்ற மரியாதைப் படியில்: அங்கேனிப்புன் ம்லம்பஹ் அலோன் சங்ஙெத். நடப்பவர் பெரியவர் என்றால்: அங்கேனிப்புன் திந்தக் அலோன் சங்ஙெத். சுற்றியுள்ள சொற்கள் எல்லாம் மாறின, 'அலோன்' மட்டும் அசையவில்லை. விதச் சொற்களில் பல இப்படித்தான். மாறுகிறவற்றை மட்டும் தனியாக மனப்பாடம் செய்தால் போதும்: கெலிஸ் (விரைவாக) எங்கல் ஆகும், அத்தி-அத்தி (கவனமாக) ங்ஙத்தோஸ்-அத்தோஸ் ஆகும், அப்பிக் (நன்றாக) சாஎ ஆகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 'திந்தக்' போன்ற உயர்படிச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லவே கூடாது. மரியாதையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தனக்கே சூட்டிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் சறுக்கல்.

பதிவு 3
அகராதி பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பூர்வதர்மிந்தாவின் 1939 அகராதியில் 'கேஎன்' (க்ராமா-ங்கோகோ) என்ற குறி இருந்தால் அந்தச் சொல் அந்த இரண்டு படிகளுக்கும் பொது.

பதிவு 4
ஏவலில் விதச் சொல்லுக்கு முன் 'சிங்' வரும். 'சினாவு சிங் ஸ்ரெகெப்', ஊக்கமாகப் படி. வழியனுப்பும்போது இளையவரிடம் 'சிங் அத்தி-அத்தி யா', பெரியவரிடம் 'ங்ஙத்தோஸ்-அத்தோஸ் ங்கிஹ், பாக்' (பாக் என்றால் ஐயா). இந்தோனேசிய மொழி தெரிந்தவர்கள் அதிலுள்ள 'தெங்ஙான்' (நம் 'ஓடு' போன்றது) என்பதை நினைத்து எல்லா இடத்திலும் 'கண்ட்டி' போட்டுவிடுகிறார்கள். 'கண்ட்டி சபார்', பொறுமையோடு, என்பது மேடைக்கும் எழுத்துக்கும் பொருந்தும். அடுக்களையில் விறைப்பாக ஒலிக்கும்.

இரண்டு செயல் ஒன்றாக நடந்தால் 'காரோ': 'ங்ஙோமோங் காரோ மேஸெம்', புன்னகைத்துக்கொண்டே பேசுவது. 'முடிந்த மட்டும்' என்பதற்கு முன்னும் பின்னும் ஒட்டு சேர்த்து இரட்டிப்பு: 'சபிசா-பிசானே'. க்ராமாவில் 'சசகெத்-சகெதிப்புன்'.

பதிவு 5
உச்சரிப்பில் நமக்கு வசதியும் உண்டு, கண்ணியும் உண்டு. த, ட வேறுபாடு ஜாவா மொழியிலும் இருக்கிறது. ஆனால் லத்தீன் எழுத்தில் 'டி'க்குப் பின் 'எச்' வந்தால் அது ட. தனி 'டி' த. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கத்துக்கு நேர்த் தலைகீழ். மெதுவைக் குறிக்கும் இன்னொரு சொல் 'ரிண்டிக்'. 'ரிந்திக்' என்று படித்துவிடாதீர்கள். 'வெதி' என்றால் அச்சம், 'வெடி' என்றால் மணல். எழுத்தில் வித்தியாசம் அந்த ஓர் 'எச்'தான்.

பதிவு 6
யாரும் இன்னும் 'மக்' பற்றிச் சொல்லவில்லையே! தமிழருக்கு இதைவிட எளிதான பகுதி கிடையாது. பளிச்சென்று, திடுக்கென்று என்று நாம் ஒலிக்குறிப்புக்குப் பின் 'என்று' சேர்க்கிறோம். அவர்கள் முன்னால் 'மக்' வைக்கிறார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் 'மக் ப்யார்'. சட்டென்று மறைந்தால் 'மக் ப்லாஸ்'. பேச்சு கப்பென்று அடங்கினால் 'மக் க்லகெப்'. நெஞ்சு திக்கென்றால் 'மக் டெக்'. எந்த ஒலியையும் நாமாக ஒட்ட முடியாது. வழக்கில் உள்ள கூட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். உணவு நிகழ்ச்சி நடத்திய போந்தான் வினார்னோவால் நாடெங்கும் பரவிய 'மக்ஞுஸ்' (அருமையான சுவை) இந்த வகைதான்.

பதிவு 7
'பந்த்தெர்' வேகமாகவா, சத்தமாகவா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும்தான். வினையைப் பாருங்கள்: ம்லாயு பந்த்தெர், வேகமாக ஓடுவது, ங்ஙோமோங் பந்த்தெர், உரக்கப் பேசுவது. அதுபோல 'அலோன்' பேச்சோடு வந்தால் தாழ்ந்த குரலாகவும் இருக்கலாம். குழப்பம் வேண்டாம் என்றால் குரலுக்கு 'லிரிஹ்', வேகத்துக்கு 'ரிக்கத்'.

கிழக்கு ஜாவாவில் சுரபாயா, மாலாங் பக்கம் போனால் 'பங்ஙெத்' இல்லாமலே மிகுதி சொல்வார்கள். முதல் அசைக்குள் ஓர் உகரம் நுழையும். பந்த்தெர், 'புவந்த்தெர்' ஆகும். இதை எழுத்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள்.

பதிவு 8
ரிண்டிக் பேச்சு வந்ததால்: 'ரிண்டிக் அசு திகித்திக்' என்று யாராவது சொன்னால் மெதுவாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிபட்ட நாயளவு 'மெது' என்ற கிண்டல் அது. கேட்ட மாத்திரத்தில் பாய்ந்து ஒப்புக்கொள்பவரைச் சொல்வது. 'அசு' நாய்க்கு ங்கோகோச் சொல், வசவும்கூட. பெரியவர்கள் முன் இந்தப் பழமொழியை எடுக்காமல் இருப்பது நல்லது.