எம்டி-32இல் வால்யூம் 100 என்று காட்டுகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை. உதவி தேவை

தண்டையார்பேட்டை486

எல்லாருக்கும் வணக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போய்விட்டது. இனி தனியாக முடியாது என்று இங்கே எழுதுகிறேன்.

கையில் இருப்பது 486 டிஎக்ஸ்2-66 கம்ப்யூட்டர், 8 எம்பி ராம், டாஸ் 6.22, சவுண்ட் பிளாஸ்டர் 16. பெட்டி வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. கடைக்காரர் முதலில் எடைக்குத்தான் போட்டார். நான் ஆசையாகப் பார்ப்பதைக் கண்டதும் தராசைத் தள்ளி வைத்துவிட்டு வேறு விலை சொன்னார். சரி, முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதது என் தப்பு.

ரோலண்ட் எம்டி-32 (கட்டைகள் இல்லாத சிந்தசைசர் பெட்டி, எந்தச் சுரம் வாசிக்க வேண்டும் என்ற தகவல் மிடி கேபிள் வழியாக வந்தால் வாசிக்கும்) பெரியப்பாவுடையது. தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி என்று வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை டெம்போவில் சுற்றிய பெட்டி. பரணில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். "இதுல கேமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தார். பின்பக்கம் ஹெட்போன் ஓட்டை கிடையாது.

அசல் அடாப்டர் தொலைந்துவிட்டது. ரிச்சி தெருவில் வோல்டேஜ் மாற்றிக்கொள்ளும் அடாப்டர் ஒன்று வாங்கி 9 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். சவுண்ட் கார்டின் ஜாய்ஸ்டிக் போர்ட்டிலிருந்து மிடி கேபிள், அதன் இரண்டு தலைகளில் 'இன்' என்று எழுதியதை எம்டி-32இன் அவுட்டிலும், 'அவுட்' என்று எழுதியதை இன்னிலும் செருகியிருக்கிறேன். அதுதானே முறை?

ஆன் செய்தால் டிஸ்பிளேயில் 1 2 3 4 5 ஆர், பக்கத்தில் வால்யூம் 100. டாஸ் ஆட்டத்தில் (கேமில்) பாட்டுக்கு எம்டி-32 தேர்ந்தெடுத்தால் மயான அமைதி. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் மட்டும். சவுண்ட் கார்டே பாடும் ஆட்லிப் என்று மாற்றினால் பாட்டு வருகிறது, ஆகவே சவுண்ட் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. பெட்டி செத்துவிட்டதா? பெரியப்பாவிடம் என்ன சொல்வது?

வியாசை_கீபோர்டு

தம்பி, பெட்டி சாகவில்லை. செத்திருந்தால் டிஸ்பிளே இப்படி ஒழுங்காக எழுத்துக் காட்டாது.

நானும் கச்சேரிக்காரன்தான், கம்ப்யூட்டர் பக்கம் அவ்வளவாகத் தெரியாது, மிடி தெரியும். முன்பக்கம் 'மிடி மெசேஜ்' என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும். ஆட்டம் பாட ஆரம்பிக்கும்போது அதைப் பார். மினுக்கினால் தகவல் வந்து சேர்கிறது, குறை ஆடியோ பக்கம். மினுக்கவே இல்லை என்றால் கேபிள், அல்லது அதற்கு முன்னால்.

கேபிள் தலையில் எழுதியிருப்பதை நம்பாதே. ஒரு கம்பெனி 'இன்' என்று எழுதினால் 'இதை இன் ஓட்டையில் செருகு' என்று அர்த்தம். இன்னொரு கம்பெனிக்கு 'இது கம்ப்யூட்டரின் இன்' என்று அர்த்தம். இரண்டு தலையையும் மாற்றிச் செருகு. ஒன்றும் எரிந்துபோகாது. எம்டி-32இல் இன், அவுட், த்ரூ என்று மூன்று ஓட்டை இருக்கும், உனக்கு வேண்டியது இன் மட்டும்.

இன்னொன்று, பர்மா பஜாரில் பழைய டேப் டெக்கோடு வரும் ஐந்து பின் வயர் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதை நீட்டிக்க இடையில் போட்டுவிடாதே. சிலதில் உள்ளே கம்பிகள் குறுக்காக இருக்கும். மிடிக்கு 4, 5 பின்கள் நேராகப் போக வேண்டும், 2 ஷீல்டுக்கு. மண்ணடியில் ஒரு கல்யாணத்தில் மேடை ஏறிய பிறகு இதைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு என் டிரம்ஸ் முழுக்கத் தவில்காரர் கையில்.

டாஸ்பாக்ஸ்_போதும்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? லேப்டாப்பில் பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு, எம்டி-32 மாதிரியே ஒலிக்கும் மன்ட் எமுலேட்டர் மென்பொருளும் போட்டால் அரை மணி நேர வேலை. காதுக்கு வித்தியாசமே தெரியாது.

தண்டையார்பேட்டை486

@டாஸ்பாக்ஸ்_போதும் பாஸ், பெட்டி வீட்டில் இருக்கும்போது லேப்டாப்பில் கேட்டால் பெரியப்பா வேட்டியைத் திருப்பிக் கேட்பார்.

@வியாசை_கீபோர்டு அண்ணா, கோடி நன்றி! தலைகளை மாற்றினேன், விளக்கு மினுக்கியது. ஸ்பேஸ் குவெஸ்ட் 3 போட்டேன். டிஸ்பிளேயில் வால்யூம் எழுத்து போய், 'இன்ஸர்ட் பக்கஸாய்ட்' என்று வந்தது. அந்த ஆட்டத்தில் காசுக்குப் பெயர் பக்கஸாய்ட். காசு போடு என்று ஒரு சிந்தசைசர் கேட்கிறது! அதற்குப் பிறகு வந்த பாட்டைக் கேட்டு வீட்டில் இருந்த எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை.

லேபிள் கிழிந்த ஃபிளாப்பியில் ஓர் ஆட்டம் இருக்கிறது, 1990 என்று திரையில் வருகிறது. அதில் எம்டி-32 போட்டால் மெஷின் அப்படியே உறைந்துவிடுகிறது. இன்னோர் ஆட்டத்தில் டிஸ்பிளே 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று காட்டிவிட்டு, பாதி வாத்தியம் தப்பாக வாசிக்கிறது. பேச்சு வரும் மூன்றாவது ஆட்டத்தில் ஒரு சுரம் பிடித்தால் விடுவதில்லை, மெஷினை அணைக்கும்வரை நாதஸ்வர ஒத்து மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கிறது. 'ம்ம்ம்' இரைச்சலும் போகவில்லை.

கல்மண்டபம்_ஐஆர்க்யூ5

நீங்கள் சொன்னவை ஒரே கோளாறு இல்லை, மூன்று தனித்தனிக் கோளாறுகள். சேர்த்துப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

முதலில் உறைவது. ரோலண்ட் 1984இல் கொண்டுவந்த எம்பியூ-401 என்ற இணைப்புக்கருவியில் சொந்தமாக ஒரு பிராசஸர் உண்டு. அன்றைய கம்ப்யூட்டர் மெதுவானது, அதனால் எந்தச் சுரம் எப்போது என்ற தாளக் கணக்கை அந்தக் கருவியே பார்த்துக்கொள்ளும். இதற்கு இன்டெலிஜென்ட் மோட் என்று பெயர். இன்னொன்று யூஆர்ட் மோட், வந்த பைட்டை அப்படியே வெளியே தள்ளும் தபால்காரர் வேலை. உங்கள் சவுண்ட் பிளாஸ்டர் 16க்கு இந்தத் தபால்காரர் வேலை மட்டும்தான் தெரியும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறின் தொடக்கத்திலும் வந்த சில ஆட்டங்கள் இன்டெலிஜென்ட் மோடில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வராது. உறைகிறது.

அசல் எம்பியூ அட்டையைத் தேடிக் கிளம்பாதீர்கள். சாஃப்ட்எம்பியூ என்று ஓர் இலவச டாஸ் நிரல் இருக்கிறது. நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் 330 போர்ட்டில் கேட்பதை இடைமறித்து, இன்டெலிஜென்ட் மோட் இருப்பதுபோல் தானே பதில் சொல்லும். அது ஓட ஈஎம்எம்386 என்ற டாஸ் நினைவக நிரல் கட்டாயம் ஏறியிருக்க வேண்டும். டாஸ் 6.22உடன் வரும் பதிப்பே போதும். கட்டளை வரியில் எம்பியூ 330, சவுண்ட் பிளாஸ்டர் 220, ஐஆர்க்யூ 5 மூன்றையும் கொடுங்கள். மெஷின் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் வரியில் பி330 என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், அட்டை 300க்கு மாற்றப்பட்டிருந்தால் எல்லாமே வீண். புரொடெக்டட் மோடில் ஓடும் பிற்கால ஆட்டங்களுக்கு இது உதவாது, ஆனால் அவற்றுக்கு இது தேவையும் இல்லை.

அடுத்தது பஃபர் ஓவர்ஃப்ளோ. ஹெட்போன் ஓட்டை இல்லை என்று சொன்னீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான். அது 1987இல் வந்த முதல் வகை எம்டி-32. ஆட்டம் தொடங்கும்போது தன் சொந்த வாத்தியங்களை சிஸெக்ஸ் என்ற நீளமான செய்திகளாக அனுப்பும். மிடி நொடிக்கு 31,250 பிட், அதாவது சுமார் 3,125 பைட். அதுவே மெதுவான வேகம்தான், ஆனால் இந்தப் பழைய பெட்டி ஒரு செய்தியை மென்று விழுங்குவதற்குள் அடுத்த கவளம் வந்துவிட்டால் திணறிவிடும். சில ஆட்டங்கள் நடுவே போதிய இடைவெளி விடுவதில்லை. சில ஆட்டங்கள் சும்மா எண்ணிக்கொண்டிருந்து இடைவெளி விடும், பழைய 286 மெஷினுக்குக் கணக்கிட்ட அந்த எண்ணிக்கை உங்கள் 66 மெகாஹெர்ட்ஸில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சாஃப்ட்எம்பியூ வரியிலேயே டிலேசிஸெக்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அது இடைவெளி விட்டு அனுப்பும். டர்போ பொத்தானையும் முயற்சி செய்யலாம்.

இதற்காகப் பெட்டியை விற்றுவிட்டு ஹெட்போன் ஓட்டை உள்ள புது வகை வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். பழைய வகையை மனத்தில் வைத்து எழுதிய சில ஆட்டங்கள் இதில்தான் சரியாக ஒலிக்கும்.

இழுத்துக்கொண்டே நிற்கும் சுரத்துக்குச் சவுண்ட் கார்டைக் கழற்றி, அதிலுள்ள பெரிய சில்லுகளில் சிடி1741 என்று எழுதியதைத் தேடுங்கள். கீழே வி என்ற எழுத்தோடு மூன்று இலக்க எண் இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

காசிமேடு_உப்புக்காற்று

இடையில் ஒன்று. கார்டைக் கழற்றும்போது மதர்போர்டில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேசவே வேண்டாம், முதலில் அதை வெட்டி எடுங்கள். அது கசிந்தால் பக்கத்திலுள்ள செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். நம் பக்கத்துக் கடல் காற்று வேறு. என் 386ஐ இரண்டு வருடம் மூடி வைத்துவிட்டுத் திறந்தபோது கீபோர்டு சாக்கெட் பக்கம் பச்சையாகப் பூத்திருந்தது. கசிந்த இடத்தில் வினிகர் தொட்டு, பஞ்சால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். வீட்டில் வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறும் சரி, ஆனால் நன்றாகக் கழுவ வேண்டும்.

'ம்ம்ம்' இரைச்சலுக்கு என் சந்தேகம் அடாப்டர் மேல். அந்த வோல்டேஜ் மாற்றும் வகை பெரும்பாலும் ரெகுலேட்டர் இல்லாதது. 9 என்று வைத்தாலும் சும்மா இருக்கும்போது 12, 13 காட்டும், கூடவே 100 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அனுப்பும். மல்டிமீட்டரில் பாருங்கள். ரெகுலேட்டட் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ் வாங்குங்கள். நம் கடைகளில் கேட்காமல் கொடுப்பது நடு முனை பாசிட்டிவ், கவனம்.

மெஷினின் இரும்பைத் தொட்டால் விறுவிறு என்கிறதா? அப்படியென்றால் சுவிட்ச் போர்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தண்டையார்பேட்டை486

எல்லாருக்கும் நன்றி, வரிசையாகச் சொல்கிறேன்.

பேட்டரி இருந்தது, நீலம்தான். ஒரு காலில் வெள்ளைப் பொடி, கோடுகள் தப்பித்துவிட்டன. வெட்டிவிட்டேன். அடாப்டர் மீட்டரில் 13.1 காட்டியது! புது ரெகுலேட்டட் அடாப்டர் போட்டதும் இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு எர்த் வேலை நடக்கிறது.

சாஃப்ட்எம்பியூ ஏறிவிட்டது, லேபிள் கிழிந்த ஆட்டம் பாடுகிறது. டிலேசிஸெக்ஸ் சேர்த்ததும் ஓவர்ஃப்ளோ வரவில்லை, ஆட்டம் திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது, பரவாயில்லை.

சில்லில் வி413 என்று இருக்கிறது. நல்லதா கெட்டதா?

புதிதாக ஒன்று. ஸ்பேஸ் குவெஸ்ட் ஆடிவிட்டு வெளியே வந்து வேறோர் ஆட்டம் போட்டால் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் கதவு கிரீச்சிடுகிற மாதிரி வருகிறது. டூம் ஆட்டத்தில் ஜெனரல் மிடி என்று கொடுத்தாலும் எல்லாம் கோணலாக இருக்கிறது.

கல்மண்டபம்_ஐஆர்க்யூ5

413 கெட்டது. 4.11, 4.12, 4.13 மூன்றிலும் இந்த வியாதி உண்டு. பேச்சோ வெடிச்சத்தமோ டிஜிட்டலாக ஓடும்போது மிடியும் போனால், சுரத்தை நிறுத்தும் செய்தி வழியில் தவறிவிடும். மென்பொருளால் குணப்படுத்த முடியாது. 4.05 உள்ள பழைய அட்டை கிடைத்தால் மாற்றுங்கள், அதுவரை அந்த ஒரு ஆட்டத்தில் பேச்சை நிறுத்தி வையுங்கள். பாட்டு மட்டும் போகும் பழைய ஆட்டங்களுக்குப் பாதிப்பில்லை.

டூம் 1993. அது ஜெனரல் மிடிக்கு எழுதியது, அதாவது எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்ற பொதுத் தரம், அந்தத் தரமே 1991இல்தான் வந்தது. உங்கள் பெட்டி அதற்கு முந்தியது, வாத்திய எண்களே வேறு. டூமுக்கு ரோலண்டின் எஸ்சி-55 மாதிரி ஜெனரல் மிடி பெட்டி ஒன்று வேண்டும்.

வியாசை_கீபோர்டு

கிரீச் சத்தத்துக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் உன் பெட்டிக்குள் தன் வாத்தியங்களை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் மறந்துவிடும், அதற்கு பேட்டரி நினைவு கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒருமுறை அணைத்துப் போடு, அவ்வளவுதான்.

பெரியப்பா எந்தக் குழுவில் வாசித்தார் என்று கேட்டுச் சொல் தம்பி. தெரிந்தவராக இருக்கலாம்.

தண்டையார்பேட்டை486

அணைத்துப் போட்டேன், புல்லாங்குழல் வந்துவிட்டது. குழுவின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன் அண்ணா.

பெரியப்பா நேற்று வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். பிறகு ஒற்றைக் கேபிளை மட்டும் கழற்றி, தன் கீபோர்டைச் செருகி, முதல் டோன் பியானோவை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். போகும்போது "ஆடி மாசம் வருது, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எம்டி-32 செய்வது எப்படி என்று அடுத்த வாரம் தனி இழை போடுகிறேன். டாஸ்பாக்ஸ் நண்பர் சிரிக்கக் கூடாது.