பகமோயோ ஒருநாள் பயணம்: புதுப்பிப்பு

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து கடலோர ஊரான பகமோயோவுக்குக் குழுவாகப் போக முன்பு போட்ட திட்டத்தில் ஒரு மாற்றம்: காவோலே இடிபாடுகளை முதலில் வையுங்கள். அவை பகமோயோவுக்குத் தெற்கே சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ளன. பவளக்கல் பள்ளிவாசலும் கல்லறைகளும் வெட்டவெளியில் இருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. தூண் கல்லறையில் சீனப் பீங்கான் பதித்திருந்த குழிகளைக் கட்டாயம் பாருங்கள்.

தூரம் 70 கி.மீ.தான். ஆனாலும் வழியில் உள்ள தார் எஸ் சலாம் புறநகரான தெகெட்டாவின் நெரிசலுக்கு முன் தப்பிக்க, கோஸ்டர் வண்டி (சிற்றுந்து) காலை 6 மணிக்கே கிளம்பணும்.

நுழைவுச்சீட்டு உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு விலை; அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு வரிசையில் நின்றால் நேரம் வீண். தலைக்கணக்கு எழுதி ஒருவரே கட்டட்டும்.

1874இல் ஆப்பிரிக்காவை ஆராய்ந்த பயணி லிவிங்ஸ்டனின் உடலை வைத்திருந்த கத்தோலிக்க மிஷன் மதியத்துக்கு. மீன்சந்தையில் பொரித்த மீன் வாங்கச் சில்லறை ஷில்லிங் தேவை.