எல்பிஜி டேங்கர் இறக்கும்போது எக்ஸஸ் ஃப்ளோ வால்வு மூடிக்கொள்கிறது, என்ன செய்வது?

புல்லட்2:
இரண்டு புல்லட் (படுக்கைவாட்டில் இருக்கும் எரிவாயுச் சேமிப்புத் தொட்டி) உள்ள சின்ன டிப்போ. 2 அங்குல ஹோஸ், ஆவிக் கம்ப்ரஸர் (புல்லட்டின் ஆவியை டேங்கருக்குள் தள்ளி, அந்த அழுத்தத்தால் திரவத்தை வெளியேற்றுவது) வைத்து டேங்கர் இறக்குகிறோம். லிக்விட் வால்வைத் திறந்ததுமே டேங்கர் அடியில் எக்ஸஸ் ஃப்ளோ வால்வு (ஓட்டம் அளவு மீறினால் தானே மூடும் பாதுகாப்பு வால்வு) 'டக்' என்று மூடிவிடுகிறது. முடிந்ததும் ஹோஸில் மிஞ்சுவதைக் காற்றில்தான் விடுகிறோம்; அதில் எவ்வளவு வீணாகும்?

வால்வடி:
பெரும்பாலும் வால்வில் கோளாறு இருக்காது, திறக்கும் வேகத்தில்தான். காலி ஹோஸுக்குள் திரவம் பாயும் அந்த ஓரிரு நொடியில் ஓட்டம் வால்வின் மூடும் அளவைத் தாண்டிவிடும். முதலில் ஆவி லைனைத் திறந்து இரண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக்குங்கள். பிறகு கைவால்வைக் கொஞ்சமாகத் திறந்து, ஹோஸ் நிரம்பும் சீறல் அடங்கிய பின் முழுசாகத் திறங்கள். பாதி திறந்தே ஓட்டாதீர்கள்: ஹோஸ் அறுந்தாலும் ஓட்டம் போதாமல் எக்ஸஸ் ஃப்ளோ மூடாது.

மூடிக்கொண்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். கைவால்வை மூடிக் காத்திருந்தால், உள்ளே இருக்கும் நுண்துளை வழியே அழுத்தம் சமமாகி ஸ்பிரிங் தானே திறந்துவிடும்.

ஆவிக்கணக்கு:
5 மீட்டர் ஹோஸ் என்றால் உள்ளே சுமார் 10 லிட்டர். திரவமாக இருந்தால் 5 கிலோ! ஆவியானால் 2.5 கன மீட்டர் வரும். 2 சதவீதக் கலவையே பற்றும் என்பதால், நூறு கன மீட்டருக்கு மேல் காற்றை அது எரியும் கலவையாக்கிவிடும். காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்திலும் சாக்கடையிலும் போய் உட்காரும்.

திரவம் தீர்ந்து ஹோஸில் ஆவி மட்டும் வருவது சைட் கிளாஸில் (ஓட்டத்தைப் பார்க்கும் கண்ணாடிச் சன்னல்) தெரியும்வரை ஓட்டுங்கள். அப்புறம் கழற்றினால் போவது சில நூறு கிராமுக்குள். கழற்றும்போது இரண்டு முனையும் தானே மூடிக்கொள்ளும் டிரை பிரேக் கப்ளிங் போட்டால் சில மில்லி லிட்டர்தான். பிறகு கம்ப்ரஸரின் ஓட்டத் திசையை மாற்றும் நாலு வழி வால்வைத் திருப்பி, டேங்கரின் ஆவியை உறிஞ்சிப் புல்லட்டின் திரவத்துக்கு அடியில் விடுங்கள், குளிர்ந்து திரவமாகிவிடும். கம்ப்ரஸருக்கு முன்னால், ஆவியோடு வரும் திரவத்தைப் பிடித்து நிறுத்தும் மிதவை உள்ள லிக்விட் ட்ராப் கட்டாயம். திரவம் சிலிண்டருக்குள் போனால் வால்வுத் தகடு, பிஸ்டன் எல்லாம் காலி.

புல்லட்2:
டேங்கரைச் சுழியம் வரை உறிஞ்சலாமா?

ஆவிக்கணக்கு:
வேண்டாம். ஆரம்ப அழுத்தத்தில் கால் பங்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே கரண்ட்தான் செலவாகும். வெற்றிடமானால் காற்று உள்ளே போகும், அது பெரிய வினை.

டிரெய்ன்காரர்:
இறக்குவதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது இரண்டு. 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். திரவம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம் விரியும். மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் சிக்கும் ஒவ்வொரு துண்டு பைப்புக்கும் தெர்மல் ரிலீஃப் வால்வு (திரவம் சூடாகி விரிந்தால் அழுத்தத்தைத் திறந்துவிடுவது) இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது புல்லட் அடியில் தண்ணீர் வடிப்பது. அங்கே இரண்டு வால்வு இருக்கும். தொட்டியை ஒட்டியதை முழுசாகத் திறந்து, வெளி வால்வால் மட்டும் ஓட்டத்தை அடக்குங்கள். ஐஸ் கட்டினால் வெளி வால்வில் கட்டும். உள் வால்வை மூடிவிடலாம். 1966-இல் பிரான்ஸின் ஃபெய்சானில் இந்த வரிசை தலைகீழானது. உறைந்த உள் வால்வை மூட முடியவில்லை, 18 பேர் இறந்தார்கள். வடிக்கும்போது கண் வெளிக் குழாயிலேயே இருக்கட்டும், தண்ணீர் நுரைக்கத் தொடங்கியதும் மூடிவிடுங்கள்.