இடிடராட் கடைசி 77 மைல்: நேரக் கணக்குக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் ஒயிட் மவுண்டன் நிலையம் முதல் பந்தயம் முடியும் நோம் நகர் வரை யார் எப்போது சேர்வார்கள் என்று கணிக்க ஓர் அட்டவணை போடுகிறோம்.

ஒயிட் மவுண்டனில் 8 மணி நேரக் கட்டாய ஓய்வு. அதனால் ஒருவர் உள்ளே வந்த நேரத்தோடு 8 மணியைக் கூட்டினாலே அவர் புறப்படக்கூடிய நேரம் கிடைத்துவிடும். அதுவரை சுலபம். அங்கிருந்து அடுத்த நிலையமான சேஃப்டி 55 மைல், சேஃப்டியிலிருந்து நோம் 22 மைல். சிக்கல் அந்த 55 மைலில்தான். டாப்காக் குன்றுகளில் ஏற்றம், இறங்கியதும் கடலோரக் காற்று. சராசரி வேகத்தை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் அங்கே தப்பிவிடுகிறது. 2014இல் முன்னணியில் இருந்த ஜெஃப் கிங் அந்தக் காற்றில் சிக்கி விலகினார். ஆலி ஸர்க்கிள் சேஃப்டியில் காத்திருந்தார். டல்லாஸ் சீவி தான் வென்றதே தெரியாமல் நோம் சேர்ந்தார்.

ஒவ்வொருவரும் ஒயிட் மவுண்டனில் புறப்பட்ட நேரம், சேஃப்டி நேரம், நோம் நேரம், பூட்டியிருந்த நாய்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பழைய ஆண்டுகளுக்குக் குறித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். கடைசியில் வருபவர்களின் நேரங்கள்தான் அதிகம் தேவை. முதல் பத்துப் பேரை மட்டும் பார்த்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது. ஜிபிஎஸ் புள்ளி நகராமல் நின்றால் அது ஓய்வா, சிக்னல் தாமதமா என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? நேரங்களை அலாஸ்கா நேரத்திலேயே தாருங்கள்.