தனியாடுகளம்: ஆர்கஸ் கோழி ஆடுற இடத்துக்கு ஒரு சொல்

ஆண் பறவைங்க பெட்டையைக் கவர கூடி ஆடுற, ஆங்கிலத்துல லெக் (lek)னு சொல்ற இடத்துக்குத் தமிழ்ல ஆடுகளம்னு போட்டுட்டு, அதையே மயில், கோழி குடும்பத்துப் பறவையான ஆர்கஸ் ஆடுற இடத்துக்கும் வச்சுக்கலாம்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியலைங்க. வட அமெரிக்காவுல இருக்கிற சேஜ் கிரவுஸ் மாதிரி பறவைங்கள்ல ஆண்கள் எல்லாம் ஒரே இடத்துல கூடி ஆடும், பெட்டை வந்து பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும், அதுதான் லெக். பெரிய ஆர்கஸ் அப்படி இல்லை, மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ மழைக்காட்டுல ஒவ்வொரு சேவலும் தனக்குன்னு தனியா ஒரு இடம் பிடிச்சு, அதுல விழுற இலை, சுள்ளி எல்லாத்தையும் அலகால பொறுக்கிப் போட்டு, சிறகால விசிறித் தள்ளி, வெறும் மண்ணா வச்சிருக்கும். காட்டுல இலை உதிர்றது நிக்கவே நிக்காது, அதனால இந்த வேலையும் தினசரி வேலை. காலைல அங்கிருந்து சத்தமா கூவும், அந்தக் கூவலைக் கேட்டுத்தான் சுமத்ரா பக்கம் குவாவ்னே பேர் வச்சிருக்காங்க.

அதனால லெக்குக்கு கூட்டாடுகளம், இதுக்கு தனியாடுகளம்னு பிரிச்சிடலாம்னு நினைக்கிறேன். களம்னாலே சுத்தம் பண்ணி வச்ச வெட்டவெளித் தரைங்கிற பொருள் நம்ம காதுல ஏற்கனவே இருக்கு, அரங்கு, மேடைன்னு போட்டா அந்தப் பெருக்குற வேலையே காணாமப் போயிடும். பெட்டை வந்து இணைஞ்சிட்டுப் போயிடும், முட்டை ரெண்டுதான், அடைகாக்குறதும் குஞ்சு வளர்க்குறதும் அதோட பொறுப்பு, சேவலுக்கு அதுல பங்கே கிடையாது, அதனால கூடு, குடும்பம்னு நினைப்பு வர்ற எந்தச் சொல்லும் இங்க ஆகாது.

இன்னொண்ணு, ஆர்கஸ் இறகுல கண் மாதிரி இருக்கிற வட்டங்களுக்குத் தோகைக்கண்னு எழுதாதீங்க ப்ளீஸ். மயிலுக்கு அது சரி. ஆர்கஸ் சேவலுக்கு வால்ல ரெண்டு இறகு ரொம்ப நீளம், உடம்பு வாலோட சேர்த்து கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் வரும், ஆனா அந்தக் கண்கள் இருக்கிறது சிறகுல, ரெண்டு சிறகையும் முன்னாடி விரிச்சு பெட்டைக்கு எதிரே புனல் மாதிரி பிடிக்கும்போதுதான் வரிசை வரிசையா தெரியும். நிழல் விழுந்த உருண்டை மாதிரி தோணுற அந்த வட்டங்களைப் பத்தி டார்வின் 1871லயே விரிவா எழுதியிருக்கார். சிறகுக்கண்னு வச்சா எங்க இருக்குன்னு சொல்லே சொல்லிடும்.

வியட்நாம், லாவோஸ் காடுகள்ல இருக்கிற கொண்டை ஆர்கஸ் சேவலும் இதே மாதிரி தரையைப் பெருக்கி வச்சு ஆடுறதுதான், அதுக்கும் தனியாடுகளம் அப்படியே பொருந்தும்.