நாயே சங்கத்து வண்டி வந்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

தாமுவேக்காரன்

பர்மாவில் இருக்கிற, இருந்த நம் ஆட்களே, கஷ்டத்தில் சங்கத்து ஆட்கள் வந்து கைகொடுத்த கதை இருந்தால் எழுதுங்கள். நாயே சங்கமோ (பர்மியில் நாயே என்றால் சாவுக் காரியம், அதற்கு இலவசமாக உதவுகிற சங்கம்), அரிசி கொடுத்தவர்களோ, யாராயிருந்தாலும் சரி. மூன்று வருடமாக ஒன்று மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். வெளியே செத்தவரைத் தெருவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். நேரே யேவே சுடுகாடுதான். அம்மாவோ, வாய்க்கரிசி போடாமல் அனுப்ப மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருப் பெரியவர் ஊலே கையைக் கூப்பிக்கொண்டு "வேண்டாம்பா" என்கிறார். அவர் அப்பாவோடு தினமும் டீ குடித்தவர்.

வண்டி ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், வாயெல்லாம் வெற்றிலைக் கறை. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "தெருவுக்குள்தானே வரக்கூடாது? முனையில் நிறுத்துகிறேன்" என்றார். நிறுத்திப் பின்கதவை எங்கள் தெருவைப் பார்க்கத் திறந்துவைத்தார். தூறல். அவரே குடை பிடித்தார். அம்மா ஈரத்துணியால் முகம் துடைத்து, எல்லோரும் வரிசையாக அரிசி போட்டோம்.

அப்புறம் அவர் என்னிடம், "உங்கள் ஆட்களும் காசு வைப்பீர்களா?" என்று கேட்டார். பர்மியர்கள் படகுக்கூலி என்று வாயில் வைப்பார்கள், நாம் நெற்றியில். என்னிடம் காசு ஏது? இந்த ஊரில் எல்லாமே நோட்டுதானே! அவர் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே சிங்கம் போட்ட பழைய காசுகள். இதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

சிரியத்துப் பொண்ணு

நர்கீஸ் புயல் சமயம், 2008 மே. எனக்குப் பதினொரு வயது. கூரை போய்விட்டது, கோயிலில் தங்கியிருந்தோம். டெல்டா பக்கமிருந்து வந்தவர்கள் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது, யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. நினைவிருப்பது ஒரு பர்மியக்கா. எங்கள் ஆயா நாலு நாளாகப் பேசவில்லை, சோறும் இறங்கவில்லை. அந்த அக்கா சாமான் கொடுக்க வந்தவர், ஆயாவின் பின்னால் உட்கார்ந்து தலையைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினாலும் ஆயாவுக்குப் பாதிதான் புரியும். அரைமணி நேரம் இருக்கும். எண்ணெய் வைத்துக் கொண்டை போட்டு முடித்ததும் ஆயா திரும்பி, "பேன் இருக்கா?" என்று தமிழில் கேட்டார். அந்த அக்காவுக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தார்.

பெகு சுந்தரம்

தாமுவே தம்பி, நீங்கள் தெருக்காரர்களைக் குறை சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். பெகுவில் எங்கள் பேட்டையில் உடலை வீட்டுக்கே கொண்டுவந்து மூன்று மணி நேரம் வைத்திருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்கூட்டியே போய்ப் பேச வேண்டும், அதுதான் விஷயம்.

இன்னொன்று. நாயே சங்கம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 2001இல் ரங்கூனில் அதைத் தொடங்கியபோது சுடுகாட்டு வேலை செய்கிறவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பர்மாவின் அகாடமி விருது வாங்கிய நடிகர் சோ தூ பெட்டியைத் தோளில் தூக்கினார். ஒரு கதாநாயகன்! ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அவரோடு சேர்ந்து தொடங்கியவர் இயக்குநர் துக்கா. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது நம்முடைய சுகம்தான், பர்மியர் வாயில் 'ச' 'த' ஆகிவிடும். சாவு வீட்டுக்கு உதவ வந்தவர் பெயர் சுகம் என்பதை நான் சொல்லாத ஆளில்லை. இன்று ஊருக்கு ஊர் நாயே சங்கம் இருக்கிறது, எந்த மதம் என்று கேட்பதில்லை, காசும் வாங்குவதில்லை. எங்கள் பெரியம்மாவை எடுக்க வந்ததும் அப்படித்தான். என் கதை அவ்வளவுதான்.

வியாசர்பாடி மாமா

நாங்கள் 1965இல் கப்பலேறி வந்தவர்கள். அத்தை குடும்பம் அங்கேயே இருக்கிறது, அதனால் சொல்கிறேன். எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, குடும்பப் பட்டியல், அந்த 66/6 தாள், அதை நகலெடுத்து அலமாரியில் தனியாக வையுங்கள், அடையாள அட்டையோடு. சாவு விழுந்த வீட்டில் தேடினால் கிடைக்காது. இரண்டு, ஆஸ்பத்திரிச் சான்றில் பெயர் எழுத்து சரியா என்று அங்கேயே பாருங்கள். நம் ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மாப் பெயர் ஒன்று, இரண்டும் கலந்து வந்தால் வம்புதான். மூன்று, சங்கத்து போன் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள், போனில் வைக்காதீர்கள், சார்ஜ் இருக்காது. வண்டி வந்தால் ஓட்டுநருக்கு டீயாவது கொடுங்கள். பணம் வாங்க மாட்டார்கள், அப்புறமாகச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எள்ளு, நெய், பச்சரிசி, புதுத்துணி ஒரு பையில் கட்டி வைத்தால் இன்னும் நல்லது. அபசகுனம் என்பார்கள், என்னைத் திட்டட்டும்.

சிரியத்துப் பொண்ணு

மாமா, நான் ஆயாவின் கொண்டையைப் பற்றி எழுதினேன்!

இன்சீன் வாத்தியார்

2021 ஜூலை, கொரோனா சமயம். மஞ்சள் கொடி கட்டினால் மருந்து வேண்டும், வெள்ளைக் கொடி கட்டினால் சோறு வேண்டும் என்று அர்த்தம். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு கொடி. ஆக்சிஜனுக்கு விடியுமுன் வரிசை. பேட்டைப் பையன்கள் ஒரு சிலிண்டரைக் கடனாகக் கொடுத்தார்கள், உங்கள் வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு என்று.

ஐந்தாம் நாள் என் மனைவி போய்விட்டாள். மறுநாள் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அந்தப் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், கண் இரண்டும் சிவந்திருந்தது, எத்தனை நாள் தூங்கவில்லையோ. சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே, "அண்ட்டி எப்படி இருக்காங்க?" என்றான். அடுத்து வாங்கப்போகிற அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தேவலை" என்றேன்.

பையன் சிரித்தான். நான் திரும்பி நடந்தேன். பிறகு அவனுக்கு உண்மை தெரிந்திருக்கும், சின்னச் சந்துதானே. தெரிந்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பதுதான்.

பசீன் செல்வி

எல்லாம் சரி, நல்லவர்கள் மட்டும்தான் வந்தார்களா? எங்கள் வீட்டில் வெள்ளம் வடியுமுன் ஒரு சங்கம் வந்தது, பெயர் வேண்டாம். பேனர் பிடித்து அரிசி மூட்டையை அம்மா கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லையாம், மூட்டையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். அம்மா இரண்டாம் தடவையும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பெகு சுந்தரம்

செல்வி, போட்டோ இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர்கள் நம்புவதில்லை. அவர்கள் நிலைமையையும் யோசிக்க வேண்டும்.

பசீன் செல்வி

யோசித்துவிட்டேன் அண்ணே. ஒரு தடவை எடுத்தால் போதாதா?

மாண்டலே குமார்

28 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை, மத்தியானம், பூகம்பம். எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. யாரோ எவரோ, வெறும் கையால் செங்கல் எடுத்தார்கள். நாங்கள் ரோட்டில் படுத்திருந்த ராத்திரி ஒருவர் விசிறி கொடுத்துவிட்டுப் போனார். சாவு வீட்டில் கொடுக்கிற அச்சடித்த விசிறி. யாருடைய பெயரோ அதில் இருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

தாமுவேக்காரன்

சுந்தரம் அண்ணே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்ல விட்டுப்போனது ஒன்று: வேண்டாம் என்று கைகூப்பிய ஊலேதான் கொள்ளிக்குடத்துக்குப் பானை வாங்கி வந்தார். அவர்களும் பானை உடைப்பார்கள் இல்லையா, எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

வியாசர்பாடி மாமா, ஒரு உதவி. அந்த டிரைவரைத் தேடிப் பிடிக்கலாம் என்றிருக்கிறேன். டப்பாவில் போடப் பழைய காசு இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புவீர்களா? எந்த நாட்டுக் காசு என்று அவர் பார்க்க மாட்டார்.

வியாசர்பாடி மாமா

பத்துப் பைசா நாற்பது, ஐம்பது கிடக்கும். அலுமினியம், பரவாயில்லையா?