புதுப்பிப்பு: வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுக்க கேமரா, வாங்கியாச்சு

மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தையை எடுக்க எந்த கேமரா நல்லது, கூட வரும் கிட் லென்ஸே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேனான் ஆர்50 எடுத்தேன், கூடவே ஆர்எஃப் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ். பணத்தை லென்ஸில் போடு என்று சொன்னவர்கள் சொன்னது முழுக்க சரி. கிட் லென்ஸை 45 எம்எம்-க்கு ஜூம் செய்தால் அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு, எண் சின்னதானால் திறப்பு பெரிது) 6.3-க்கு மேல் திறக்காது, இதிலோ 1.8, அதாவது ஏறக்குறைய 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது, அதனால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 கேட்ட அதே இடத்தில் 500-லேயே வேலை முடிந்து கன்னத்து மயிர்கூட தெளிவாகத் தெரிகிறது. ஒரே குறை, இந்த கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் மாதிரி நெருக்கமாகத் தெரியும், சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அப்புறம், பழைய டியூப்லைட்டில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது அடங்கிவிடும்.

மெமரி கார்டு வி30 (பதிவு வேகத்தைக் காட்டும் குறி) போதும், 4கே வீடியோவும் தடங்கல் இல்லாமல் பதிவாகிறது. பையைவிட முக்கியம், காற்றுப் புகாத டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும். கடலோர ஊர்க்காரர்கள் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்வது பெரிய செலவு.